பசியாறியதும் ஒரு மாத்திரை

1

என் அம்மா ஊரில் எல்லோரிடமும், "எம்மக மலேசியாவுல நர்சா இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறார். முசிறிப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். நான் நர்ஸ் இல்லை. மலாக்காவில், புக்கிட் பெருவாங் என்ற இடத்தில், ஊனமுற்ற, வயது வந்தவர்கள் ஆறு பேர் சேர்ந்து வாழும் ஓர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவேன், சோறூட்டுவேன், துணி மாற்றிவிடுவேன், சண்டை வந்தால் விலக்கிவிடுவேன், வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பேன்.

அந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மாத்திரை கொடுப்பதில் எழுத என்ன இருக்கிறது, வாயில் போட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வேலையில் சேர்ந்தேன். போன வாரம் பொங்கலுக்கு அஞ்சலையக்கா இங்கே இருக்கும் தன் மகன் சந்திரனை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இங்கே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், அவர்களிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

எங்கள் இல்லத்தைத் தெருவிலிருந்து பார்த்தால் வீடு என்றுதான் நினைப்பீர்கள். கார் நிறுத்தும் இடத்தில் துணி காயும். பொறுப்பாளர் திருமதி லிம், ஓய்வுபெற்ற சீனத் தாதி. தாதி என்றால் இங்கே நர்ஸ். அந்தப் பட்டம் அவருக்குத்தான் பொருந்தும். சமையலுக்குக் காக் ரொஹானி என்ற மலாய்க்கார அம்மா. காக் என்றால் அக்கா. எங்களுக்குள் பேச்சு மலாய், கணக்குவழக்கு ஆங்கிலம், கோபம் வந்தால் அவரவர் தாய்மொழி.

நான் சேர்ந்த புதிதில் காக் ரொஹானி, வாசலில் நின்ற ஒரு வாட்டசாட்டமான ஆளைக் காட்டி, "டியா அடா சாவான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடா, சாவான்! யார் சாவான், எதற்குச் சாவான் என்று அன்று முழுக்க அந்த ஆளின் பின்னாலேயே சுற்றினேன். மலாய் மொழியில் சாவான் என்றால் வலிப்பு என்றும், 'இவனுக்கு வலிப்பு உண்டு' என்றுதான் அவர் சொன்னார் என்றும் என் கணவர் மாலையில் சொல்லிச் சிரித்தார். அந்த ஆள்தான் சந்திரன்.

சந்திரனுக்கு முப்பது நெருங்குகிறது. பேச்சு சில சொற்களோடு சரி. மாத்திரை ஒழுங்காகப் போனால் வலிப்பு வராது. காலையில் ரொட்டிக்காரரின் மோட்டார் சத்தம் கேட்டதும் வாசல் கதவுக்கு முதலில் போய் நிற்பவன் அவன்தான். ரொட்டியை இரண்டு கையிலும் ஏந்திச் சாமி தூக்கி வருவதுபோல் நிதானமாக நடந்து வருவான். யாராவது வாங்கப் பார்த்தால் கொடுக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா அஞ்சலையக்கா வருவார். அவர் கிளம்பும்போது பஸ் ஏற்றிவிடச் சந்திரன் கூடவே போவான். இவனைத் தனியே அனுப்பக்கூடாதே என்று அவர் இல்லம்வரை திரும்பக் கொண்டுவந்து விடுவார். இவன் மறுபடி அவரைக் கொண்டுவிடக் கிளம்புவான். பஸ் வரும்வரை தாயும் மகனும் அந்தச் சாலையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். கடைசியில் நான்தான் போய்ச் சந்திரனின் கையைப் பிடித்து அழைத்து வருவேன்.

அஞ்சலையக்கா கோலா சுங்கை பாரு போகும் வழியில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். தோட்டம் விலைபோனது, குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்தார்கள், ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். அவர் புக்கிட் ரம்பாயில் மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனார். மருமகன் மாமியாரை ஏற்றுக்கொண்டான், மச்சானை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் சந்திரன் எங்களிடம் வந்தான். "சொந்தமா ஒரு வீடு கெடைக்கட்டும் தங்கச்சி, அன்னிக்கே எம்மவன கூட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். ஆளை இங்கே விட்டுப் போகிறவர்களெல்லாம் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள், பிறகு வரவே மாட்டார்கள். அஞ்சலையக்கா ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

வீடு கிடைத்தும் விட்டது. போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு, தீபாவளி நெருங்கும் நேரத்தில், மலிவு விலை அடுக்குமாடியில் அவருக்கு ஒரு வீடு விழுந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "அதனால என்னா? எம்மவனுக்குக் காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, ஏறிருவான்லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு. அடுத்து வரும் பொங்கலுக்கு அழைத்துப்போவதாக முடிவானது. அவர் முகத்தை அன்றுபோல் நான் பிறகு பார்க்கவில்லை.

3

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று, "பசியாறியாச்சா?" என்று கேட்டார். நம் ஊரில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? அன்னதானப் பத்திரிகையில்தான் 'வந்தோர் பசியாற' என்று பார்த்திருக்கிறேன். என்ன அழகான தமிழ் என்று மனம் குளிர்ந்துபோனேன். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வலியப் போய், "நான் பசியாறிட்டேங்க" என்றேன். அந்த அம்மா மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மத்தியானத்துல என்னாம்மா பசியாற? சோறு சாப்பிடலயா?" என்றார்.

இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. காலைச் சாப்பாடு மட்டும்தான். ரொட்டியோ தோசையோ, அது பசியாறல். மத்தியானமும் ராத்திரியும் சாப்பிடுவதற்கு அந்தப் பெயர் கிடையாது. தோட்டத்தில் விடியும் முன்னே மரம் வெட்டப் போய், பாதி வேலையில் உட்கார்ந்து முதல் கவளம் வாயில் வைத்தவர்கள் வைத்த பெயராக இருக்கும் என்பது என் ஊகம்.

என் மகளிடம் இதைச் சொன்னால் சலித்துக்கொள்வாள். மலாய்ப் பள்ளியில் படிக்கிறாள். மாத்திரைப் பொட்டலத்தில் இருக்கும் மலாயை எனக்கு முதலில் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். "பசியாறன்னா பிரேக்ஃபாஸ்ட்லா, இதுகூடத் தெரியாதா? உங்க தமிழு வேறம்மா" என்றாள் ஒருநாள். உங்க தமிழ், உங்க ஊர், உங்க சொந்தக்காரங்க. என் வயிற்றில் பிறந்தவள் எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்த 'உங்க'வைப் போடும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

4

வீடு கிடைத்த சந்தோஷத்தில் அஞ்சலையக்கா இருந்தபோதுதான் என் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. கிடைத்த விமானத்தில் ஏறி ஓடினேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நம் ஊர் வெயிலில் எனக்காக எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள்?

மறுநாள் காலை, மூலையில் சுருண்டு கிடந்த அம்மாவிடம் போய், "பசியாறுனீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன். வாயில் ஊறிவிட்டது. அங்கிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன அண்ணி, மேடையில பேசற மாதிரி பேசறீங்க?" என்றாள் என் தம்பி மனைவி. அப்பா இல்லாத அந்த வீட்டில் எனக்கு அன்று இரண்டு விதமாக அழுகை வந்தது.

அதே நாட்களில் இங்கே என் இடத்தில் லதா நின்றுகொண்டிருந்தாள். லதா சேலத்துப் பெண். என்னைப்போலவே மலாக்காவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதிர்ந்து பேசமாட்டாள். நான் திரும்பும்வரைக்கும் என்று திருமதி லிம் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார். மருந்து அலமாரியைத் திறந்து காட்டி, "பொட்டலத்தில் உள்ளபடி கொடு" என்று மலாயில் சொன்னாராம். பொட்டலத்தில் இருந்ததும் மலாய்தான். லதா தலையாட்டினாளாம். புதிதாக வந்தவர்கள் புரியாததற்கெல்லாம் தலையாட்டுவோம், நானும் ஆட்டியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு வந்த அஞ்சலையக்காவுக்கு லதாவைப் பார்த்ததும் தாங்க முடியாத சந்தோஷம். மலாயில் தட்டுத்தடுமாற வேண்டியதில்லை, தமிழ்ப் பிள்ளை இருக்கிறதே என்று. கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்: "வலிப்பு மாத்திரை மட்டும் மறந்துராதம்மா. பசியாறுனதும் ஒன்னு குடுத்துரு."

லதா மறக்கவில்லை. காலையில் சந்திரன் ரொட்டி தின்றதும் ஒன்று கொடுத்தாள். மத்தியானம் சோறு தின்றதும் ஒன்று கொடுத்தாள். இருட்டுவதற்கு முன் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று கொடுத்தாள். மற்றவர்களில் சிலருக்கு மூன்று வேளையும் மருந்து உண்டு, ஆகவே யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அவள் கண்ணும் கருத்துமாகத்தான் இருந்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

சந்திரன் தள்ளாட ஆரம்பித்தான். பேச்சு குழறியது. ரொட்டியை வாங்கி வரும்போது கீழே போட்டான். உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று காக் ரொஹானி எண்ணெய் தேய்த்துவிட்டார். என்னைக் காணாத ஏக்கம் என்று லதா நினைத்தாள். வலிப்பு வந்தால்தானே மாத்திரையைப் பற்றி யோசிப்பார்கள்? வலிப்புதான் வரவேயில்லையே. ஒருநாள் குளியலறையில் வழுக்கி, அவ்வளவு பெரிய உடம்பும் அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. இடுப்பருகே தொடை எலும்பு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கண்கள் நிலையில்லாமல் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "வலிப்புக்கு எவ்வளவு மருந்து கொடுக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டாராம். ரத்தத்தைச் சோதித்தால் மருந்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

5

நான் திரும்பி வந்ததும் திருமதி லிம் எல்லோரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். அஞ்சலையக்கா, லதா, மொழிபெயர்க்க நான்.

எத்தனை வேளை கொடுத்தாய் என்று கேட்டார். லதா மூன்று விரலைக் காட்டினாள்.

அஞ்சலையக்கா எழுந்தேவிட்டார். "நான் எப்பம்மா மூணு வேளன்னு சொன்னேன்? பசியாறுனதும் குடுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்க, அப்படித்தாங்க சொன்னீங்க. பசியாறினதுக்கப்புறம்தாங்க குடுத்தேன்."

"பொய் பேசாத புள்ள!"

"சாமி சத்தியமாங்க! ஒவ்வொரு வேளையும் அவரு பசியாறின பொறவுதாங்க குடுத்தேன். வெறும் வயித்துல ஒருநாளும் குடுக்கல."

"ஒவ்வொரு வேளையுமா? ஒரு நாளைக்கு எத்தன வாட்டிலா பசியாறுவாங்க?"

ஒரே வாக்கியத்தை இருவரும் ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று திருமதி லிம் என்னைக் கேட்டார். மலாயில் சொல்வது சுலபமாக இருந்தது. அந்த மொழியில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு சொல், சாப்பாட்டுக்கு வேறு சொல். திருமதி லிம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பொட்டலத்தைத் தானே ஒருமுறை படித்துக் காட்டியிருக்க வேண்டும் என்றார்.

அதையே தமிழில் அந்த இருவருக்கும் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. லதாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அஞ்சலையக்கா கத்துவார், அவளை அடிக்கக்கூடப் போவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"நான் தமிழ்லதானே தங்கச்சி சொன்னேன்?" என்றார்.



லதா அதோடு வேலையை விட்டுவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. இப்போது புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். "மிஷினுன்னா தேவலக்கா. இனிமே யாரு என்ன சொன்னாலும் எனக்குப் புரிஞ்சுதான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்" என்றாள்.

6

இப்போது எங்கள் இல்லத்தில் மாத்திரை கொடுப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒருவர் பொட்டலத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்து வருடமாகத் தெரிந்த ஆளாக இருந்தாலும் முகத்தைப் பார்த்துப் பேரைச் சொல்ல வேண்டும். வீட்டார் வாயால் சொன்னது எதுவும் செல்லாது. பொட்டலத்தில் உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று திருமதி லிம் படம் வரைந்து ஒட்டியிருக்கிறார். வாழைப்பழத்துக்குள் மறைத்துக் கொடுக்கக்கூடாது. வேண்டாம் என்றால் வாயைப் பிடித்துத் திணிக்கக்கூடாது, சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்க வேண்டும். விழுங்கியாயிற்றா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. நம்மைத் திருடி மாதிரி நடத்துகிறார்களே என்று காக் ரொஹானியிடம் பொருமினேன். இப்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் அலமாரியைத் திறக்கவே கை வருவதில்லை. கடையில் 'நாளைக்கு வாங்க' என்றால்கூட, நாளைக்கு என்றால் நாளைக்கா என்று கேட்கிறேன். மகளுக்கு அது பெரிய வேடிக்கை.

சந்திரனுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு ஒருமாதிரி கூடியது, நடை திரும்பவில்லை. இரண்டு பேர் தாங்கினால் நிற்பான். பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். குறித்து வைத்திருந்த பொங்கல் வந்து போனது.

அஞ்சலையக்கா அப்போதும் விடவில்லை. தரைத்தளத்தில் ஒரு வீடு மாற்றிக் கேட்கலாம் என்று வீட்டுவசதி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஊனமுற்றவர் இருந்தால் தருவார்களாம். "ஒங்க வீட்டுல யாரு ஊனமுற்றவர்?" என்று கேட்டார்கள். மகன் என்றார். மகன் இந்த முகவரியில் இல்லையே, இல்லத்து முகவரியில் அல்லவா இருக்கிறான் என்றார்கள். சரி, முதலில் மகனை வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று எங்களிடம் வந்தார். மூன்றாம் மாடிக்குச் சக்கர நாற்காலியோடு எப்படி அனுப்புவது, தரைத்தளம் கிடைத்த பிறகு அனுப்புகிறோம் என்றார்கள் எங்கள் நிர்வாகக் குழுவினர். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு வருடம் ஓடிவிட்டது.

7

இந்தப் பொங்கலுக்கு அவர் யாரையும் கேட்கவில்லை. திருமதி லிம்மிடம் ஒருநாள் அனுமதி மட்டும் வாங்கினார். அடுக்குமாடியில் இருக்கும் ஆண்கள் நாலு பேர் நாற்காலியோடு சந்திரனைத் தூக்கி மூன்று மாடியும் ஏற்றியிருக்கிறார்கள். புது வேட்டி கட்டி, பொங்கல் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி உட்கார வைத்தாராம். சந்திரன் கைதட்டிச் சிரித்தானாம். அம்மா கையால் பொங்கல் தின்றுவிட்டு, அம்மாவின் படுக்கையில் படுத்துத் தூங்கியும் எழுந்தானாம்.

மாலையில் கொண்டுவந்து விட்டபோது அஞ்சலையக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. சந்திரனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து, துணி காயும் இடத்தில் என்னோடு நின்றார்.

"கீழ எறக்கப் போனா, கதவுக் கம்பியப் புடிச்சிக்கிட்டான் தங்கச்சி. விடமாட்டேங்கிறான். நாலு பேரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான்தான் ஒவ்வொரு வெரலா எடுத்து விட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட்டிக்கிட்டுப் போனதே தப்பு. இத்தன நாளும் அவனுக்கு வீடுன்னா என்னான்னு தெரியாது, இங்கனயே கெடந்தான். இப்ப வீடு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

மறுநாள் காலை சந்திரன் ரொட்டி தின்றான். காக் ரொஹானி பொட்டலத்தைப் படித்தார், நான் மாத்திரையை எடுத்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தான். பொறுத்திருந்து மறுபடி கேட்டேன். காக் ரொஹானி கேட்டார், திருமதி லிம் கேட்டார். "வீடு" என்றான். அந்தச் சொல்லை அவன் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டரிடம் தொலைபேசியில் விசாரித்தோம். இன்றைக்குள் எப்படியாவது போய்விட்டால் நல்லது, நிறுத்தினால் வலிப்பு திரும்பும், இந்தக் காலோடு வலிப்பு வந்தால் பொல்லாதது என்றார்.

அஞ்சலையக்காவைத் தொழிற்சாலைத் தொலைபேசியில் பிடித்தேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே நடந்ததைச் சொன்னேன்.

"வீட்டுக்குப் போலாம்னு சொல்லிக் குடுங்க தங்கச்சி" என்றார்.

"பொய்யாக்கா?"

"சொல்லுங்க. அவனுக்கு இழுப்பு வர்றத இனிமே என்னால பாக்க முடியாது."

போய்ச் சொன்னேன். எங்கள் விதிகளில் திணிக்காதே என்று இருக்கிறது, மறைக்காதே என்று இருக்கிறது. பொய் சொல்லாதே என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரமாகத் தினமும் காலையில் இதுதான் நடக்கிறது. அவன் பசியாறி முடித்ததும், மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்காருகிறேன். "சந்திரா, இத முழுங்கு, வீட்டுக்குப் போலாம்" என்கிறேன். நான் சேலமோ முசிறியோ மலாக்காவோ, எந்தத் தமிழில் சொன்னாலும் அவனுக்கு அது நன்றாகப் புரிகிறது. வாயைத் திறக்கிறான். தண்ணீர் குடிக்கிறான். நான் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டுகிறான். பிறகு நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறான்.